கொய்யாப்பழம் பிளாஸ்டிக் பந்து மாதிரி வருகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

மாடிப்படி_கிறுக்கல்:

வணக்கம். ஆறேழு மாதமாகக் கலர் பென்சிலில் செடிகொடிகள் வரைகிறேன். வகுப்புக்கெல்லாம் போனதில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். பூ ஓரளவு வந்துவிடுகிறது, பழமும் இலையும்தான் படுத்துகின்றன. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொய்யா மரத்தில் இரண்டு இலையோடு ஒரு காயைப் பறித்து வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்து அம்மாவிடம் காட்டினால், "பச்சை ஆப்பிளா?" என்கிறார்.

படத்தை இணைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 24 கலர் பெட்டி, தாள் சாதாரண ட்ராயிங் நோட்டு. நிழலுக்குக் கறுப்பு போட்டேன். இலை நரம்புகளைக் கரும்பச்சையில் கூராக இழுத்தேன், பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கிறது. பழமும் பச்சை, இலையும் பச்சை என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 72 கலர் பெட்டி வாங்கினால் சரியாகுமா? விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இலையடுக்கு:

பெட்டி வாங்காதீர்கள், தப்பு பென்சிலில் இல்லை. பழத்தின் தோளில் பளீரென்று ஒரு வெள்ளை வட்டம் விட்டிருக்கிறீர்கள். தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் அது சரி, கொய்யாத் தோலில் அந்த மினுமினுப்பு கிடையாது. வெளிச்சம் மேலே விழுந்து மெதுவாகப் பரவும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட முடியாது. ஆக அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழத்தின் அடியையும் பாருங்கள், பூவின் புல்லி இதழ்கள் காய்ந்து கிரீடம் மாதிரி ஒட்டியிருக்கும். கொய்யாவுக்கு முகமே அதுதான், நீங்கள் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து முடித்துவிட்டீர்கள்.

இலைக்கு ஒரு வேலை செய்யுங்கள். மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், பக்க நரம்புகள் பள்ளமாக ஓடும். திருப்பினால் அதே நரம்புகள் மேடு. மேல்பக்கத்தில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கும் பகுதி மெத்தை மாதிரி லேசாக உப்பி நிற்கிறது. அதனால் நரம்பைக் கோடாக இழுக்கவே வேண்டாம், ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் கொடுத்துக்கொண்டே போனால் இடையில் நரம்பு தானாக வந்துவிடும். விளிம்பை முட்டும் வரை கொண்டுபோகாதீர்கள், அதற்குச் சற்று முன்பே வளைந்துவிடும். இன்னொன்று, கொய்யா இலை எதிரெதிரே ஜோடியாக வரும், நீங்கள் ஒன்றை மேலே ஒன்றைக் கீழே வைத்திருக்கிறீர்கள். இளங்குச்சியும் உருண்டை இல்லை, நான்கு பட்டை. விரலில் உருட்டினால் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் பக்கம் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்று இரண்டு நம்மூர் ஓவியர்கள் வரைந்தார்கள். வைட் அச்சிட்ட படங்கள் 2000-க்கும் மேலே, அதில் பெரும்பாலானவை கலரே இல்லாத கோட்டுப்படங்கள். ஆனாலும் எந்தச் செடி என்று சொல்லிவிடலாம். அதனால் முதலில் சாதாரண பென்சிலில் வெளிச்சம் நிழல் மட்டும் வைத்து அதே பழத்தை ஒருமுறை வரைந்துவிட்டு அப்புறம் கலருக்குப் போங்கள்.

மஞ்சள்_முனை:

தம்பி, 24 தாராளம். முதல் வேலையாகக் கறுப்புப் பென்சிலைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்து வையுங்கள். இலைக்கு முதலில் செங்கல் நிறத்தில் மெல்லிய ஒரு பூச்சு, அதன்மேல் பச்சை. சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று அடக்கும், பெட்டியில் இருக்கிற அந்தப் பச்சைக் கத்தல் குறைந்து கொய்யா இலையின் மங்கல் பச்சை கிடைக்கும். ரொம்ப இருட்டான இடத்துக்குக் கருநீலமும் அடர் பிரவுனும் மாற்றி மாற்றி.

பழத்துக்கு முழுக்க எலுமிச்சை மஞ்சள், தாளைத் தொட்டும் தொடாமலும். பிறகு இளம்பச்சை. நிழல் பக்கம் வெளிர் ஊதா, பயப்படாமல் போடுங்கள், மஞ்சளுக்கு எதிர்நிறம் என்பதால் அழுக்காகாமல் அடங்கும். கீழ் விளிம்பில் மட்டும் மெல்லிய ஒரு கீற்று வெளிர்ப்பாக விடவேண்டும், மேசையிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் அது. இல்லையென்றால் உருண்டை வராது, தட்டுதான் வரும். பழமும் இலையும் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருப்பது. பழத்துக்குப் பின்னால் போகிற இலையை அந்த விளிம்பில் மட்டும் நன்றாக இருட்டாக்குங்கள்.

கலர் போடுவதற்கு முன் பென்சில் கோட்டைப் பிசைந்துகொள்கிற ரப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மஞ்சளில் கரி கலந்தால் அவ்வளவுதான்.

தாள்பித்து:

மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் தாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. நோட்டுத் தாளில் மூன்று நான்கு லேயருக்கு மேல் போனால் வழுக்க ஆரம்பிக்கும், மஞ்சள்_முனை அக்கா சொல்கிற பூச்சுகளையெல்லாம் அது தாங்காது. கனமான (300 ஜிஎஸ்எம்), வழவழப்பான ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள் ஒன்று வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். கோல்ட் பிரஸ் வேண்டாம், சொரசொரப்பில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும்.

அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலையும் கொய்யாவுக்கு வேண்டாம். நான் ஒரு மாம்பழத்தை அப்படி அழுத்தி அழுத்தி முடித்தேன், ஒரு வாரம் கழித்து மேலே வெள்ளையாகப் படலம். மழைக்காலம், பூஞ்சைதான் பிடித்துவிட்டது என்று படத்தை வெயிலில் வைத்தேன்! பென்சிலில் இருக்கிற மெழுகு மேலே பூத்தது என்று பிறகுதான் தெரிந்தது, மெல்லிய துணியால் துடைத்ததும் போய்விட்டது. பாலிகுரோமோஸ் மாதிரி எண்ணெய் சேர்ந்த பென்சிலில் இந்தத் தொல்லை இல்லை.

இலையின் அடிப்பக்கம் வரைவதாக இருந்தால், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் நரம்புகளை முதலில் அழுத்தி வரைந்துவிட்டுக் கலரைப் பக்கவாட்டில் தேயுங்கள். பள்ளத்தில் கலர் இறங்காது, நரம்பு வெளிர்ப்பாக நிற்கும்.

மாடிப்படி_கிறுக்கல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரே ஒரு இலை மட்டும் செங்கல் நிறம் போட்டு வரைந்தேன், மீன்முள் போய்விட்டது. குச்சியை உருட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே நான்கு பட்டை! இத்தனை வருடமாக அந்த மரத்தில் ஏறி இறங்கியிருக்கிறேன், கவனித்ததே இல்லை. பழத்துக்குத்தான் வழியில்லை. பறித்து வைத்தது இரண்டே நாளில் மஞ்சளாகிவிட்டது, மூன்றாம் நாள் தங்கை தின்றுவிட்டாள். மரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் மிச்சம் இருப்பது அணில் கடித்த ஒன்றுதான்.

மஞ்சள்_முனை:

பறித்த அன்றே அதே தாளின் துண்டில் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்து எந்த இடத்து நிறம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பழுத்தாலும் கவலையில்லை. இலையை முதலில் முடியுங்கள், அது சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும்.

இலையடுக்கு:

அணில் கடித்ததையே வரையுங்கள். உள்ளே சதையும் விதையும் தெரியுமே, இந்த முறை ஆப்பிள் என்று யாராலும் சொல்ல முடியாது.