காசு கொடுத்துக் குரங்குக்குத் தொண்டூழியம்: உதவியா, உபத்திரவமா?

ஈசூன் குமரன்:
தொடக்கக்கல்லூரியை முடிக்கும் என் மகள், டிசம்பரில் வெப்பமண்டல நாடு ஒன்றிலுள்ள குரங்கு மறுவாழ்வு நிலையத்துக்கு இரண்டு வாரத் தொண்டூழியராகச் செல்ல விரும்புகிறாள். கட்டணம் ஏறத்தாழ 3,000 சிங்கப்பூர் வெள்ளி. இதைச் சுற்றுலா வியாபாரம் என்று உறவினர் சிலர் ஏளனம் செய்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காடு அழிந்து, தாயைப் பறிகொடுத்து வந்து சேரும் குட்டிகளுக்குத் தீனி, மருந்து, இரவுக் காவல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அரசு மானியம் எட்டாத இடங்களில் இந்தக் கட்டணம்தான் அடுப்பெரிய வைக்கிறது.

வான்மதி:
ஐயா, விளம்பரப் படத்தில் தொண்டூழியர் மடியில் ஒரு குட்டி புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்குமே, என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. குட்டிக் குரங்குக்குத் தேவை தன் இனக் கூட்டமும், மாறாத ஒரே வளர்ப்பாளரும். இரண்டு வாரத்துக்கு ஒரு புது மடி என்று வளர்ந்து, மனிதர்மீது அச்சம் விட்டுப்போன குரங்கைக் காட்டில் விட்டால் அது ஊரைத் தேடித்தான் வரும். நோயும் உண்டு. நமக்கு வெறும் சளியாக வந்து போகும் கிருமி குரங்கினங்களுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம். அதனால்தான் கொரில்லா, சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்குகளைக் காணச் செல்வோர் முகக்கவசம் அணிந்து குறைந்தது 7 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இங்கே சிங்கப்பூரில் காட்டுக் குரங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அங்கே உணவு கொடுக்க நாமே 3,000 வெள்ளி கட்டுகிறோம்!

குரங்குக்கு உதவ விமானம் ஏறவும் தேவையில்லை. மிக அருகிவிட்ட ராஃபிள்ஸ் லங்கூர் என்னும் குரங்கு நம் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தில் ஏறத்தாழ 70தான் எஞ்சியிருக்கிறது. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டைப் பிளந்தது. மறு ஆண்டே புக்கிட் தீமா காட்டின் கடைசி லங்கூர் நாய்களால் கொல்லப்பட்டது. இப்போது தொண்டூழியர்கள் பாதைகளில் மெதுவாக நடந்து, பார்த்த நேரம், இடம், எண்ணிக்கை, தின்ற இலை ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். பெரும்பாலும் கிளை அசைவதுதான் தெரியும். என்றாவது ஒரு நாள், முதுகில் கறுப்புச் சிலுவைக்கோடு போட்ட வெள்ளைக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றித் தொங்குவதைக் காணலாம். யாரும் அதைத் தொடுவதில்லை.

ஈசூன் குமரன்:
நீங்கள் சொல்லும் கணக்கெடுப்பு நல்ல பணிதான், ஆனால் அது பணக்கார நகரத்தின் வசதி. இங்கே தேசியப் பூங்காக் கழகம் இருக்கிறது, பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே குரங்குகள் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்ட நிதி இருக்கிறது. இவையில்லாத நாட்டில் நிலையத்தை மூடிவிட்டால் கூண்டிலிருக்கும் விலங்குகள் எங்கே போகும்? தொடுவது தவறென்றால் தொடுவதைத் தடை செய்யச் சொல்லுங்கள். பயணத்தையே ஏன் குறை சொல்கிறீர்கள்?

செம்பவாங் ராசு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிதியில்லாத நாட்டில் வேறு வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டின் வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வாகனங்களை நிறுத்திக் காப்பவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர்க்காரர்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால், எந்தக் கூட்டம் எந்த வளைவில் இறங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இரண்டு வாரத்தில் திரும்பிவிடும் நம் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? அந்த 3,000 வெள்ளியை இத்தகைய காவலரின் சம்பளத்துக்கே அனுப்பலாமே.

ஈசூன் குமரன்:
அனுப்பலாம்தான் அண்ணே, ஆனால் எத்தனை பேர் அனுப்புவார்கள்? போய்ப் பார்த்தவன்தான் ஆண்டுதோறும் கொடுப்பான்.

வான்மதி:
அப்படியானால் பணம் கட்டுமுன் நிலையத்திடம் சில கேள்விகள் கேளுங்கள். இதுவரை எத்தனை குரங்குகளைக் காட்டில் விட்டார்கள், விட்டபின் கண்காணித்தார்களா? தொண்டூழியரிடம் தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்களா? குட்டிகளைப் பராமரிப்பது நிலையான ஊழியரா, வந்து போகிறவர்களா? மழுப்பினால் அது மறுவாழ்வு நிலையம் அன்று.

ஈசூன் குமரன்:
கேட்கிறேன் அம்மா. குட்டியைத் தொட விடாத நிலையமென்றால் மகள் போவதை நான் தடுக்கமாட்டேன். கூண்டு கழுவவும் பழம் நறுக்கவும் மட்டும் 3,000 வெள்ளி கொடுக்க அவளுக்கு மனம் வருமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.