மறு: பழைய விளையாட்டுகளுக்கான ‘ராப்பர்’: ‘இணக்கி’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம். பழைய கணினி விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட வைக்கும் ‘ராப்பர்’ என்ற துணைநிரலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் என் பதில் இது.

> ராப்பருக்கு ‘உறைநிரல்’ போதுமே. சுற்றி மூடுவதுதானே அதன் வேலை?

ஐயா, நிரல் எழுதுபவருக்கு ‘உறைநிரல்’ சரிதான். ஒன்றை இன்னொன்று சுற்றி நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியும். நான் கணினி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருப்பவன். எனக்கு வேண்டியது, விளையாடுகிறவருக்குப் புரியும் சொல்.

இங்கே வருவோரில் பலர் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். அப்பா அந்தக் காலத்தில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய விளையாட்டு சிடி இன்னும் வீட்டில் இருக்கும். மகன் அதைப் புது மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பான், ஓடாது. இருவருமாகக் கடைக்கு வந்து, “அண்ணே, எமுலேட்டர் போட்டுக் கொடுங்க” என்பார்கள். கோளாறு எதுவானாலும் மருந்துக்குப் பெயர் எமுலேட்டர்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்காத கலைச்சொல்லால் எங்களுக்குப் பயனில்லை.

உண்மையில் இங்கே மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’, பழைய நிரலிடம் “இது விண்டோஸ் 98” என்று சொல்லிச் சமாளிக்கும். 256 நிறத்துக்கும் 640×480 திரைக்கும் இறங்கிவரும். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வேறு ரகம்: பழைய செயலி, ஒலியட்டை, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. செயலியின் வேகத்தை நம்பி எழுதப்பட்ட விளையாட்டு இன்றைய கணினியில் தலைதெறிக்க ஓடும்போது, கன்ட்ரோலோடு எஃப்11-ஐத் தட்டி வேகத்தைக் குறைக்க முடிவது அதனால்தான். உண்மையான எமுலேட்டர் இதுதான். இதைப் ‘போன்மி’ என்று நம் குழுவின் யாழ்ப்பாணத்துத் தங்கை சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ராப்பர் இவை இரண்டிலும் சேராது. எதையும் நடிப்பதில்லை, கேட்டதை மாற்றிச் சொல்கிறது. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-ல் அதைத் திறந்தால் கடல் நீரும் புல்லும் கண்டபடி நிறம் மாறிக் கிடக்கும். விளையாட்டு வைத்திருக்கும் 256 நிறப் பட்டியலில், விண்டோஸின் முகப்புத் திரையைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரும் கைவைத்துவிடுவதே காரணம். அதனால் பலர் எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு விளையாடினார்கள். ராப்பர் இதை வேறு வழியில் தீர்க்கிறது. ‘டிடிரா.டிஎல்எல்’ (ddraw.dll) என்ற ஒரே ஒரு துணைக்கோப்பை விளையாட்டின் எக்ஸிஇ (முதன்மை நிரல் கோப்பு) இருக்கும் அதே ஃபோல்டரில் போடுகிறோம். விளையாட்டு அந்தப் பெயரைக் கேட்டதும் விண்டோஸ் முதலில் அந்த ஃபோல்டரில்தான் தேடும். சிஸ்டம் ஃபோல்டருக்குப் பிறகுதான் போகும். நம் கோப்பு முந்திக்கொண்டு, விண்டோஸில் படம் வரையும் பழைய முறையான டைரக்ட்டிராவில் வந்த கேள்வியை இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைக்குத் தெரிந்த பேச்சில் கேட்டு, விடையையும் வாங்கித் தருகிறது. நிறம் திரும்பிவிடும். டிஜிவூடூ என்ற ராப்பர் செய்வதும் இதுதான். 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கிராஃபிக்ஸ் அட்டைக்கென, அதன் பேச்சான கிளைடில் எழுதிய விளையாட்டுகளையும் அது ஓட்டிக் காட்டும். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் 1993 முதலே இந்த வழியில் போகிறது. தான் எமுலேட்டர் அல்ல என்று தன் பெயரிலேயே அறிவித்திருக்கிறது.

ஆக இது இரு தரப்பை இணங்க வைக்கும் வேலை. ‘இணக்கி’ என்று முன்மொழிகிறேன். இயங்கு, இயக்கு, இயக்கி; இணங்கு, இணக்கு, இணக்கி. டிரைவருக்கு ‘இயக்கி’ எப்படிப் பிறந்ததோ அதே தடம்தான். உலாவி (பிரவுசர்), வழங்கி (சர்வர்) வரிசையிலும் இயல்பாக உட்காருகிறது. ‘இணக்கமுறை’ என்றால் கம்பேட்டிபிலிட்டி மோட். ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் கிடைக்கிறது.

> ‘இணக்கி’ வினையெச்சம் போல ஒலிக்கிறதே?

ஒலிக்கிறதுதான் அக்கா. ‘வண்டியை இயக்கி’ என்பதிலும் அதே ஒலி உண்டு. இருந்தும் ‘இயக்கி’யைப் பார்த்து யாரும் தடுமாறுவதில்லை. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “இணக்கியை ஃபோல்டரில் போடு”, “இந்த விளையாட்டுக்கு இணக்கி வேண்டாம், போன்மி போதும்.” கடையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடங்கலே இல்லை.

ராப்பருக்கு ‘போலி டிஎல்எல்’ என்று குழுவில் வந்த முன்மொழிவை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம். போலி என்றதும் வைரஸ் என்று பயந்து பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். ஆன்டிவைரஸ் சில நேரம் இப்படிப்பட்ட கோப்புகளை ஏற்கெனவே சந்தேகப்படுகிறது, நாமும் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

சொல் முடிவானதும் இங்குள்ள தமிழ்ப்பள்ளிக் கணினிக் கழகத்துக்கு ஒருபக்கக் கையேடு எழுதப்போகிறேன். அதில் இணக்கியால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் பல விளையாட்டுகள் 32 பிட். அவற்றை நிறுவும் நிரலோ அதற்கும் முந்தைய தலைமுறையான 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது, இணக்கமுறையும் அங்கே உதவாது. சிடியைச் சரிபார்க்கும் சேஃப்டிஸ்க் பூட்டு விண்டோஸ் 10-ல் இயங்காது என்பதும் சேரும். அந்த நிறுவும் நிரலுக்கு ‘நிறுவி’ என்றே எழுதட்டுமா, வேறு சொல் புழக்கத்தில் உள்ளதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் கடைக்காரன்