36-ஆம் தேர்வு கொசுறா? ஃப்ரீமாண்டிலின் 2001 பரிமாற்றத்தை நியாயப்படுத்துவோருக்கு

ஊதா நங்கூரம்:
ஆஸ்திரேலியக் கால்பந்து லீகில் (ஏ.எஃப்.எல்.) கழகங்கள் இளம் வீரர்களை வரிசை எண்படி தேர்ந்தெடுக்கும் ஏற்பாடுதான் டிராஃப்ட்; அந்த எண்களை வீரர்களுக்கு ஈடாகப் பரிமாறவும் செய்யலாம். "கடைசி இடத்தில் முடித்த கழகம் டிராஃப்டின் முதல் தேர்வைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை; அதை விற்று, ஆடத் தயாராக இருக்கும் இரண்டு வீரர்களை வாங்குவதே நல்ல திட்டம். 2001-இல் ஃப்ரீமாண்டில் செய்ததும் கொள்கையளவில் சரிதான். கூடவே போன 36-ஆம் தேர்வு வெறும் கொசுறு, அதில் சாம் மிட்செல் முளைத்தது அதிர்ஷ்டம்" என்று கணக்கர் நேற்று வேறொரு திரியில் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

நடந்தது என்ன என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 2001 பருவத்தில் இரண்டே வெற்றிகளுடன் எங்கள் ஃப்ரீமாண்டில் கடைசியாக முடித்தது. அதற்கு ஈடாக லீக் கொடுத்த முன்னுரிமைத் தேர்வால் 1-ஆம் எண்ணும், இயல்பான வரிசைப்படி 4, 20, 36 ஆகிய எண்களும் எங்கள் கையில் இருந்தன. அவற்றில் 1, 20, 36 மூன்றையும் ஹாதோர்னுக்குக் கொடுத்துவிட்டு ட்ரென்ட் க்ரோடையும் லூக் மக்ஃபார்லினையும் வாங்கினோம். முதல் எண்ணில் லூக் ஹாட்ஜ் போனார், 36-இல் சாம் மிட்செல் போனார். அந்த இருவரும் ஹாதோர்னுக்காக 2008, 2013, 2014, 2015 என்று நான்கு கோப்பைகளைத் தூக்கினார்கள். அவற்றில் 2013-ஆம் ஆண்டுக் கோப்பை, இறுதிப் போட்டியில் எங்களையே 15 புள்ளிகளில் தோற்கடித்து வாங்கியது.

கொசுறு என்பது காய் வாங்கினால் கடைக்காரர் கூடையில் அள்ளிப் போடும் கறிவேப்பிலை. ஹாதோர்னின் அணித் தலைவராக 2008 கோப்பையைக் கையில் வாங்கிய மனிதரை அந்தச் சொல்லால் அழைப்பவர் ஆட்டத்தையும் அறியவில்லை, சந்தையையும் அறியவில்லை.

கணக்கர்:
நான் எழுதியதை நீங்கள் முழுமையாக மேற்கோள் காட்டியதற்கு நன்றி. அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஒவ்வொரு தேர்வு எண்ணின் மதிப்பையும் சொல்லி 2015-இல் லீக் வெளியிட்ட புள்ளி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள், 20-க்கு 912, 36-க்கு 502. மூன்றையும் கூட்டினால் 4414. அதில் 36-ஆம் தேர்வின் பங்கு ஒன்பதில் ஒன்று. முழு விலையில் ஒன்பதில் ஒரு பங்கைக் கொசுறு என்று அழைக்கக் கூடாது என்றால் வேறெதை அழைப்பது?

ஒரு பரிமாற்றத்தை அது நடந்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு செப்டம்பர் மாதத்தில் உங்களுக்கு வந்த கண்ணீரை வைத்து அல்ல. அன்று கழகத்துக்குத் தேவைப்பட்டது உயரமான, உடனே ஆடக்கூடிய முதுகெலும்பு வீரர்கள். மக்ஃபார்லின் ஃப்ரீமாண்டில் கழகம் இருக்கும் பெர்த்தின் பிள்ளை. அவர் வீடு திரும்பினார், 244 ஆட்டங்கள் ஆடினார், 2012-இல் அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியிலும் இடம்பெற்றார். இதை ஏன் உங்கள் ஒப்பாரியில் சேர்க்கவில்லை?

ஊதா நங்கூரம்:
மக்ஃபார்லினை நான் எந்த நாளிலும் குறை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அவருடைய சட்டை எண்ணை என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனால் மக்ஃபார்லின் நல்லவர் என்பதால் 36 கொசுறு ஆகிவிடாது. 2015-இல் எழுதிய அட்டவணையை 2001-க்குக் கொண்டுபோய் மாட்டுகிறீர்களே, அன்று தெரிந்ததை வைத்து எடைபோட வேண்டும் என்று அடுத்த பத்தியிலேயே எங்களுக்குப் பாடமும் நடத்துகிறீர்கள். இரண்டில் எது உங்கள் கொள்கை?

அன்று தெரிந்ததையே பேசுவோம். மிட்செல் 2000 டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாமல் விடப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் ஆடியது எங்கே? பாக்ஸ் ஹில்லில். அது ஹாதோர்னின் துணைக் கழகம். பாக்ஸ் ஹில் அந்த ஆண்டு விக்டோரிய மாநில லீகான வி.எஃப்.எல்.லின் கோப்பையை வென்றது. தன் வீட்டுக் கொல்லையில் காய்த்துத் தொங்கியதை ஹாதோர்ன் வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பறிக்கத் தேவையான எண்ணைத்தான் எங்களிடமிருந்து வாங்கிச் சென்றது. இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயரா?

பொன்பழுப்பு:
ஹாதோர்ன் ரசிகனாக இதில் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருவரும் எங்கள் கழகத்தை வேடிக்கைப் பொருளாக்குகிறீர்கள். ஒருவர் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்கிறார், மற்றவர் நாங்கள் ஏதோ ஊதா வீட்டில் கன்னம் வைத்துத் திருடியது போலப் பேசுகிறார். பாக்ஸ் ஹில் மைதானத்துக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. பதினாறு கழகங்களின் திறமை தேடுவோரும் அங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நாங்கள் பார்த்தோம், எடுத்தோம். அடுத்த ஆண்டே மிட்செல் வி.எஃப்.எல்.லின் சிறந்த வீரருக்கான லிஸ்டன் விருதையும், 2003-இல் ஏ.எஃப்.எல்.லின் சிறந்த இளம் வீரருக்கான வளரும் நட்சத்திர விருதையும் வாங்கினார். இது உழைப்பின் பலன்.

கணக்கர்:
உழைப்பின் பலனா? பொன்பழுப்பு அவர்களே, அந்த டிராஃப்டில் உங்கள் கழகம் 16-ஆம் எண்ணில் ரிக் லாட்சனை எடுத்தது, 20-ஆம் எண்ணில் டேனியல் எல்ஸ்டனை எடுத்தது. கொல்லையில் காய்த்துத் தொங்கியது பலாப்பழம் என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தால், அதை விட்டுவிட்டு எல்ஸ்டனை எடுக்க 20-ஆம் எண்ணைச் செலவழிப்பார்களா? ஹாதோர்னே இரண்டு முறை மிட்செலைத் தாண்டிப் போனது. அதனால்தான் அதிர்ஷ்டம் என்றேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்.

ஊதா நங்கூரம்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். தாண்டிப் போனார்கள், ஏனென்றால் வேறு யாரும் அவரை எடுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது! மெதுவாக ஓடுகிறார், உயரம் போதாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பையன் 36 வரை கிடைப்பான் என்று கணித்து, முன்னெண்களை மற்றவர்களுக்குச் செலவிட்டு, 36-ஐ அவனுக்காகவே வைத்திருந்தார்கள். டிராஃப்டைத் திட்டமிடுவது என்றால் இதுதான். ஒரு வீரரின் தரத்தை அறிவது பாதி வேலை. அவர் எந்த எண் வரை மிஞ்சுவார் என்பதை அறிவது மறுபாதி. அந்த மறுபாதியை எங்கள் கழகம் அன்று செய்யவில்லை. 36 என்பது வெறும் எண் என்று நினைத்து, பேரத்தை முடிப்பதற்காக மேசையில் தள்ளிவிட்டது.

பொன்பழுப்பு:
36-ஐக் கேட்டு வாங்கியது ஹாதோர்னா, தானாகத் தள்ளிவிட்டது ஃப்ரீமாண்டிலா என்பதைச் சொல்ல நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா?

ஊதா நங்கூரம்:
நீங்கள் இருந்தீர்களா?

கழுகுக்கூடு:
பெர்த்தின் மறுபக்கத்திலிருந்து, அதாவது கோப்பைகள் இருக்கும் பக்கத்திலிருந்து, ஒரு வெஸ்ட் கோஸ்ட் ரசிகனின் கருத்து. கணக்கர் சொல்லும் "விற்கலாம்" என்ற கொள்கை தவறில்லை. யாருக்கு விற்கத் தெரியும் என்பதே கேள்வி. 2001-இல் நாங்கள் 3-ஆம் எண்ணை விற்காமல் கிறிஸ் ஜட்டை எடுத்தோம். 2004-இல் அவருக்கு லீகின் சிறந்த வீரருக்கான ப்ரவுன்லோ பதக்கம், 2006-இல் அவர் தலைமையில் எங்களுக்குக் கோப்பை. 2007-இல் அவர் மெல்பர்னுக்குத் திரும்ப விரும்பியபோது, அவரையும் 46-ஆம் தேர்வையும் கார்ல்டனுக்குக் கொடுத்து, 3-ஆம் தேர்வையும் 20-ஆம் தேர்வையும் ஜோஷ் கென்னடியையும் வாங்கினோம். கென்னடி எங்களுக்காக 700-க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார், 2015-இலும் 2016-இலும் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வென்றார், 3-ஆம் எண்ணில் வந்த மாஸ்டனோடு சேர்ந்து 2018 கோப்பையிலும் பங்கேற்றார். ஜட் கார்ல்டனில் இன்னொரு ப்ரவுன்லோ வாங்கினார், கோப்பை வாங்கவில்லை. கற்றுக்கொள்ள விரும்பும் அண்டை வீட்டார் எங்கள் கதவைத் தட்டலாம்.

ஊதா நங்கூரம்:
உங்கள் கதவை நாங்கள் தட்டவில்லை. 2022-இல் இரண்டு வெற்றி, 2023-இல் மூன்று வெற்றி என்று கிடந்தபோது உங்கள் கோப்பை அலமாரி உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது? ஆனாலும், உங்களை அறியாமலே என் வாதத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். 2007-இல் கொசுறாகப் போனது 46. அதைக் கொடுத்தவர்கள் நீங்கள், பெரியதை வாங்கியவர்களும் நீங்கள். விற்பவருக்குத்தான் கூடுதல் எண்கள் வந்து சேர வேண்டும். 2001-இல் நாங்கள் முதல் தேர்வையும் கொடுத்து, அதன் மேல் 36-ஐயும் கொடுத்தோம்.

சொல்லாய்வன்:
இவ்வளவு நல்ல தமிழில் வாதிடும் நீங்கள் எல்லோரும் "டிராஃப்ட்" என்றே எழுதுவது வருத்தமளிக்கிறது. "வரைவு" என்ற அழகான சொல் இருக்கிறதே?

கழுகுக்கூடு:
வரைவு என்பது சட்ட மசோதாவுக்கு எழுதும் முன்படி. பதினெட்டு வயதுப் பையன் முன்படி அல்ல.

சொல்லாய்வன்:
சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் மணம் முடித்தல். பையனைக் கழகம் கொள்வது அதற்கு நெருக்கமானதே. தெரியாததைத் தெரியாதது என்று ஒப்புக்கொள்வதில் இழிவில்லை.

கழுகுக்கூடு:
அப்படியானால் கென்னடிக்கு மறுமணம் செய்து வைத்தோம் என்று எழுதுகிறேன், உங்களுக்குத் திருப்திதானே?

ஊதா நங்கூரம்:
திரியைத் திசை திருப்ப வேண்டாம். 36-க்கு இன்னும் பதில் வரவில்லை.

வடக்குக் கங்காரு:
முதல் தேர்வை விற்கக் கூடாது என்று சாமியாடுபவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2021-இல் நார்த் மெல்பர்ன் முதல் எண்ணில் ஜேசன் ஹார்ன்-ஃப்ரான்சிஸை எடுத்தது. தென் ஆஸ்திரேலியப் பையன். ஒரே பருவத்தில் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். நான்கு கழகங்கள் சேர்ந்து செய்த அந்தப் பரிமாற்றத்தின் முடிவில் எங்களுக்கு 2-ஆம், 3-ஆம் தேர்வுகள் கிடைத்தன. வில் ஆஷ்க்ராஃப்டை நாங்கள் கேட்டபோது, தன் முன்னாள் வீரரின் மகன் என்ற முன்னுரிமையால் பிரிஸ்பேன் எங்கள் கேட்பை ஈடுசெய்து அவரை எடுத்துக்கொண்டதால் எண்கள் ஒன்று தள்ளிப்போய், 3-இல் ஹாரி ஷீசலும் 4-இல் ஜார்ஜ் வார்ட்லாவும் வந்தார்கள். ஷீசல் முதல் ஆண்டிலேயே வளரும் நட்சத்திர விருதும் எங்கள் கழகத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். 2001-இல் ஃப்ரீமாண்டில் ஹாட்ஜை எடுத்திருந்தால் அந்த விக்டோரியப் பையன் பெர்த்தில் தங்கியிருப்பான் என்று யார் உறுதி தருவார்கள்? கணக்கர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கணக்கர்:
மிக்க நன்றி. உணர்ச்சிவசப்படாமல் யோசிக்கும் ஒருவராவது இங்கே இருக்கிறார். ஜட் திரும்பிப் போனார், ஹார்ன்-ஃப்ரான்சிஸ் திரும்பிப் போனார். மக்ஃபார்லின் தங்கினார். தங்குபவரை வாங்குவதும் திட்டமிடலே.

ஊதா நங்கூரம்:
க்ரோட் தங்கினாரா? அந்தப் பெயரை இதுவரை ஒருமுறைகூட உச்சரிக்காமல் கணக்கர் கடந்து போவதை எல்லோரும் கவனியுங்கள். முதல் தேர்வின் விலை கொடுத்து வாங்கிய தலைமை வீரர் க்ரோட்தான். அவர் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு ஹாதோர்னுக்கே திரும்பிப் போனார். 2008 இறுதிப் போட்டியில் பழுப்பும் பொன்னும் அணிந்து, ஹாட்ஜோடும் மிட்செலோடும் சேர்ந்து கோப்பை வென்றார். அந்தப் போட்டியில் அவருடைய பாதம் முறிந்தது, அதன் பிறகு அவர் ஆடவேயில்லை. ஆக, நாங்கள் கொடுத்தவர்களும் அங்கே, வாங்கியவரும் அங்கே.

வடக்குக் கங்காரு அவர்களே, நீங்கள் விற்றபோது உங்கள் கைக்கு எண்கள் வந்தன. நாங்கள் விற்றபோது எங்கள் கையிலிருந்து எண்கள் போயின. இந்த வேறுபாட்டை நான் நான்காவது முறையாகச் சொல்கிறேன். முதல் தேர்வை விற்றதைக்கூட நான் மன்னிக்கத் தயார். ஹாட்ஜை ஒருவேளை வீட்டு ஏக்கம் இழுத்துச் சென்றிருக்கலாம். 20-ஐயும் மன்னிக்கிறேன், எல்ஸ்டனால் எங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. 36-ஐ மன்னிக்க மாட்டேன். அதைக் கையில் வைத்திருந்தால் மிட்செல் இல்லாவிட்டாலும் அடுத்த எண்ணான 37-இல் செயின்ட் கில்டா எடுத்த லீ மான்டன்யா கிடைத்திருப்பார். அதே டிராஃப்டில் 58-இல் டேன் ஸ்வான் இருந்தார், 71-இல் பிரையன் லேக் இருந்தார். அந்த லேக்தான் 2013 இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிராக ஆடி, இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கியவர். அப்படி ஒரு ஆண்டில் பின்னெண்களைக் கறிவேப்பிலையாக நினைத்தவர்களைக் கொள்கையளவில் சரி என்கிறீர்கள்.

எங்கள் கழகம் பின்னர் பாடம் கற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் ரிச்மண்டிடமிருந்து ஷாய் போல்டனை வாங்கியபோது விலை அதிகம்தான். ஆனால் 14-ஆம் தேர்வைக் கூடவே கேட்டு வாங்கினார்கள். அது 17-க்குச் சரிந்தது. அதில் வந்தவர் மர்ஃபி ரீட், 2025-இன் வளரும் நட்சத்திரம். கொசுறைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது கொசுறு அல்ல.

கணக்கர்:
ஒரே செய்தியை நான்கு முறை எழுதினால் அது நான்கு சான்றுகள் ஆகிவிடாது. ஸ்வான் 58 வரை கிடந்தார், லேக் 71 வரை கிடந்தார் என்று நீங்களே பட்டியல் போடுகிறீர்கள். எல்லாக் கழகங்களும் எல்லோரையும் தவறவிட்ட ஆண்டு அது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதற்குப் பெயர்தான் அதிர்ஷ்டம். 36 கொசுறுதான்.

பொன்பழுப்பு:
மறுபடியும் அதிர்ஷ்டமா? ப்ரவுன்லோ பதக்கம் வாங்கிய மிட்செலை அதிர்ஷ்டத்தில் கிடைத்தவர் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

கழுகுக்கூடு:
அந்த 2012 பதக்கம், ஊக்கமருந்து விவகாரத்தில் ஜோப் வாட்சனிடமிருந்து பறிக்கப்பட்ட பிறகு, ரிச்மண்டின் காட்சினோடு பங்கிட்டுக் கொடுத்தது. அதையும் சொல்லுங்கள்.

பொன்பழுப்பு:
பங்கிட்டாலும் பதக்கம் பதக்கமே. தன் கடைசிப் பருவத்தை மிட்செல் உங்கள் கழகத்தில் ஆடியபோது நீங்கள் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

ஊதா நங்கூரம்:
பதக்கத்தைப் பற்றி வேறு திரி தொடங்குங்கள். கணக்கர் அவர்களே, போன முறையும் இப்படித்தான், பின்னர் அடிலெய்டில் நட்சத்திரமான மக்லியோடை எங்கள் கழகம் கொடுத்து கிறிஸ் க்ரூமை வாங்கிய பழைய கதையை நான் எடுத்தபோது "அது வேறு காலம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் காணாமல் போனீர்கள். இந்த முறை போக விட மாட்டேன். ஒரே ஒரு கேள்வி: 2001 பரிமாற்றத்தை 1, 20 ஆகியவற்றோடு நிறுத்தியிருந்தால் ஹாதோர்ன் மறுத்திருக்குமா, மறுத்திருக்காதா? மறுத்திருக்கும் என்றால் 36 கொசுறு அல்ல. மறுத்திருக்காது என்றால் எங்கள் கழகம் அதை ஏன் கொடுத்தது?

கணக்கர்:
502 புள்ளிகள். என் பதில் மேலே இருக்கிறது.

ஊதா நங்கூரம்:
மேலே இருப்பது 2015-இன் அட்டவணை. நான் கேட்டது 2001-ஐப் பற்றி.