கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவரோடு பழகியிருக்கிறீர்களா?

கோபிக்காரன்:

எங்கள் பக்கம் ஷூட்டிங் பார்த்த எல்லோரிடமும் ஒரு நடிகர் கதை இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு ஃபோகஸ் புல்லரின் கதை. நடிகருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அவர் நகர நகர லென்ஸ் வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருப்பவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில் கொடிவேரிப் பக்கம் பத்து நாள் படப்பிடிப்பு. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கேமராப் பெட்டிகளை எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார்கள்.

வந்ததும் அந்த ஃபோகஸ் புல்லர் கேட்டது, "இருக்கறதுலயே குளுமையான ரூம் எதும்மா?" என்றுதான். அம்மா நெல் மூட்டை போடும் அறையைத் திறந்துவிட்டார். ஷூட் செய்த ஃபிலிம் டப்பாக்களுக்கு டேப் சுற்றி, ரோல் நம்பர் எழுதி, அங்கே அடுக்கினார். "ஏனுங் தம்பி, உள்ள தங்கமா வெச்சிருக்கறீங்க?" என்றார் அம்மா. "தங்கம் போனா வாங்கிக்கலாம்மா. இதுல வெளிச்சம் பட்டா நேத்து எடுத்தது மறுபடி வராது."

கேமராவில் மாட்டும் ஃபிலிம் பெட்டியான மேகசினை அவர் லோட் செய்வதைப் பார்க்கவே ஓடி வருவேன். வெளிச்சம் புகாத, இரண்டு ஜிப் வைத்த கறுப்புப் பை. கை நுழைக்க எலாஸ்டிக் வைத்த இரண்டு குழாய்கள். கண் எங்கோ தென்னை மரத்தில் நிற்கும். பைக்குள் விரல்கள் மட்டும் வேலை செய்யும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பேசமாட்டார். 400 அடி ரோல், நொடிக்கு 24 ஃபிரேம். "நாலரை நிமிஷம்கூட ஓடாது தம்பி, இதுக்குத்தான் இவ்வளவு பேர் நிக்கறோம்" என்பார்.

சாயங்காலம் ஒரு விளையாட்டு. என்னைத் தள்ளி நிறுத்தி, "பதினொரு அடி" என்பார். அப்புறம் டேப் பிடித்துப் பார்த்தால் ஓரிரண்டு அங்குலம்தான் தவறியிருக்கும். யூனிட் சாப்பிட்டு முடித்த பிறகும் லென்ஸ் துடைத்துக்கொண்டிருப்பவருக்கு அம்மா அரிசியும் பருப்புஞ்சோறு எடுத்து வைத்திருப்பார். படம் வந்தபோது டைட்டிலில் அவர் பெயரைத் தேடினேன். அதற்குள் ஓடிவிட்டது.

ஆனைமலை:

அந்த வேலையில் பதினேழு வருடம் இருந்தவன் நான். வடபழனியில் வாடகைக்குக் கேமரா கொடுக்கும் இடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். பெட்டி தூக்கி, ஃபில்டர் துடைத்து, ஃபோகஸ் வளையத்தில் கை வைக்க ஆறு வருடம் ஆனது.

சொந்த மண்ணில்தான் பெரிய தப்பு செய்தேன். சேத்துமடை ரோட்டில் ஒரு க்ளோசப், ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருந்ததால், வெயில் வந்த இரண்டு நிமிடத்தில் எடுத்தாக வேண்டும். ஆற்றோரப் புளியமர நிழலில் 85 எம்எம் லென்ஸ், ஸ்டாப் (லென்ஸ் திறப்பு) 2.8, நடிகைக்கு ஆறரை அடி தூரம். அந்த அளவில் தெளிவாக இருக்கும் ஆழமே மூன்று அங்குலம்தான். அழுகிற இடத்தில் அந்த நடிகை லேசாக முன்னால் சாய்ந்தார். நான் ஒரு கணம் தாமதித்தேன். அன்றைக்கு மானிட்டர் கிடையாது. சென்னையில் ஃபிலிமைக் கழுவி ரஷ் போட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. நடிப்பு நன்றாக வந்த டேக் அது ஒன்றே என்பதால் படத்திலும் அதையே வைத்தார்கள். பொள்ளாச்சி தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்குக் கண்ணுக்குப் பதிலாகக் காதோரம் ஷார்ப்பாக இருந்ததுதான் தெரிந்தது. இன்றும் டிவியில் அந்தக் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவேன்.

கோபிக்காரரே, பை மேட்டர் அப்படியே உண்மை. நாங்கள் கெட்டுப்போன ஃபிலிமை வைத்துக் கண்ணை மூடிப் பழகுவோம். இப்போது டிஜிட்டல் வந்து பை போய்விட்டது. வளையத்தைத் தூரத்திலிருந்தே ரிமோட்டில் திருப்புகிறார்கள். ஆனால் நடிகர் எப்போது நகர்வார் என்பதை அவர் தோளைப் பார்த்துத்தான் இன்றும் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்காநல்லூர்:

எங்கள் தாத்தா இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவில் கேமரா தூக்கியவர். கோவையில் அதுவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓடிய காலத்தில் சென்னைக்குப் போகாமலே இந்த வேலை கிடைத்திருக்கிறது. அவர் வேலை செய்கிற ஃபோட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தானே இருந்தார். அவருடைய துணி டேப் மட்டும் இருக்கிறது. முதல் மூன்று அடியில் எண்கள் தேய்ந்து போயிருக்கும்.