இன்ஸ்ப்ரூக் கதீட்ரல்: அம்மாவை கூட்டிட்டு போறேன், ஒரு மணி நேரம் போதுமா?

அல்சூர் பொண்ணு:
பெங்களூர்ல இருந்து அடுத்த மாசம் அம்மாவும் நானும் மியூனிக்ல தம்பி வீட்டுக்கு போறோம், அங்கிருந்து ஒரு நாள் ஆஸ்திரியாவுல இருக்குற இன்ஸ்ப்ரூக் செயின்ட் ஜேம்ஸ் கதீட்ரல் போய்ட்டு வரலாம்னு ப்ளான். அங்க ஒரு பழைய மாதா படம் இருக்குன்னு பங்குல யாரோ சொன்னதுல இருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. முழங்கால் வலி வேற இருக்கு. ஒரு மணி நேரம் போதுமா, முதல்ல எதை காட்டட்டும்?

காமனஹள்ளி ராஜ்:
தாராளமா போங்க சிஸ்டர், ட்ரெயின்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஸ்டேஷன்ல இருந்து கால் மணி நேர நடை, மேடு இல்ல ஆனா கல்லு பாவின தெரு, அம்மாவுக்கு நல்ல ஷூ போட்டு விடுங்க. படம் லூகாஸ் க்ரானாக் வரைஞ்சது, மெயின் ஆல்டர்ல இருக்கு. ஆல்டர் அவ்ளோ பெருசு, படம் சின்னது, பின்னாடி பெஞ்சுல உக்காந்தா ஒண்ணுமே தெரியாது, அதனால நேரா முன்னாடி கூட்டிட்டு போயிடுங்க. குழந்தை இயேசு எட்டி அம்மா கன்னத்தோட கன்னம் ஒட்டிட்டு நிக்குறார், மாதா தலையில கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு துணி. நம்ம சிவாஜிநகர் சர்ச்ல மாதாவை புடவையில பாத்து பழகின அம்மாவுக்கு இது புதுசா இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே மனசு வரல.

மல்லேஸ்வரம் வாசி:
ஒரு மணி நேரம் பத்தாதுங்க. 1689 நிலநடுக்கத்துல பழைய சர்ச் சேதமாகி, 1717-ல இருந்து 1724 வரைக்கும் இப்ப இருக்குறதை கட்டினாங்க. ப்ளான் போட்ட ஹெர்கோமர் 1717-லயே இறந்துட்டார், அவர் நெஃப்யூ ஃபிஷர் தான் முடிச்சார். கூரை ஓவியம் ஆசாம் அண்ணன் தம்பில ஒருத்தர் வேலை, சுண்ணாம்பு சிற்பம் இன்னொருத்தர் வேலை. 1944 குண்டுவீச்சுல பலமா அடி வாங்கி திரும்ப சரி பண்ணது, அதை தெரிஞ்சுகிட்டு மேல பாத்தா நெஞ்சு கனக்குது. ஆன்ட்டியை பெஞ்சுல சாய்ஞ்சு உக்கார வச்சு பாக்க சொல்லுங்க, நின்னுகிட்டே அண்ணாந்து பாத்தா கழுத்து போயிடும். இன்னொண்ணு, 28 பெரிய வெண்கல சிலை இருக்குறது ஹோஃப்கிர்ச்சே, அது வேற சர்ச், நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்குறாங்க.

அல்சூர் பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, ரெண்டு பேருக்கும். காலைலயே கிளம்பி மதியம் வரைக்கும் அங்கயே இருக்கோம், மத்த இடம் எதுவும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். முன் பெஞ்சுன்னு சொன்னதும் அம்மா ஜெபமாலையை ஹேண்ட்பேக்ல எடுத்து வச்சுட்டாங்க.