ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) வகுப்பில் உட்கார்ந்தாலே ஆசிரியர்கள் பதறுகிறார்கள், என்ன செய்யலாம்?

புதிய ஹெச்.எம்.:
பதவி உயர்வில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பயிற்சியில் வகுப்பறை உற்றுநோக்கல் செய்யுங்கள், ஆசிரியரோடு கூட நின்று உதவுங்கள் என்றார்கள், எப்படி என்று யாரும் செய்து காட்டவில்லை. நான் பின்னால் போய் உட்கார்ந்ததும் டீச்சர் பாடக்குறிப்பேட்டை எடுத்து நீட்டுகிறார், பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், பாடம் அத்தோடு போச்சு. குறை சொன்னால் முகம் வாடுகிறது. சொல்லாமல் வந்தால் எதற்குப் போனேன் என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
சார், வட்டார வளமையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். 2022இல் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம் அல்லவா, ஒரு வகுப்பில் டீச்சர் அருமையாகத்தான் நடத்தினார், ஆனால் கேள்வியெல்லாம் மலர் பிள்ளைகளுக்கே போனது, அரும்பில் இருந்த நாலு பேர் கடைசி வரை வாயே திறக்கவில்லை. யார் எத்தனை முறை பேசினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். அதை அவரிடமே கொடுத்தேன். ‘இவங்களை நான் கூப்பிடவே இல்லையே சார்’ என்றார். அடுத்த வாரம் அதை மட்டும் பார்க்கப் போனேன். ஒரு தடவைக்கு ஒரு விஷயம், அதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

இடைநிலை ஆசிரியை:
எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் பதிவேட்டில் எழுத, செயலியில் ஏற்றத்தான் வருகிறார்கள், அப்புறம் எப்படிப் பயம் இல்லாமல் இருக்கும்? எங்கள் பழைய ஹெச்.எம். முதலில் தன்னுடைய ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். பின்னக் கூட்டலில் பிள்ளைகள் தடுமாறினார்கள், ‘எங்கே விட்டேன், சொல்லுங்க டீச்சர்’ என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தது எனக்கு உறுத்தவே இல்லை.

மலைப்பகுதி ஆசிரியர்:
நடுநிலைப் பள்ளிக்கு இது சரி. ஈராசிரியர் பள்ளியில் ஹெச்.எம். கையிலேயே இரண்டு மூன்று வகுப்பு, எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, காலை உணவு, கூட்டம். இதில் பக்கத்து அறைக்குப் போக நேரம் ஏது? நாங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தன்று பக்கத்துப் பள்ளிக்காரர்களோடு ஒரு பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான் முடிகிறது. எழுத்து வேலையைக் குறைக்காமல் ஹெச்.எம்.களுக்கு எந்தப் பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

புதிய ஹெச்.எம்.:
எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை என் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிடப் போகிறேன், அவர் பிள்ளைகளை நான்காம் வகுப்போடு உட்கார வைக்கலாம். கோடு போடும் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.