மறு: ‘மாயக்காட்சி’ வேண்டாம், ‘தனிக்காட்சி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நலக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘ஹாலுசினேஷன்’ (மற்றவர்களுக்குத் தெரியாததைக் காண்பது, கேட்பது, முகர்வது) என்பதற்கு நேராக ‘மாயக்காட்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். அதைத் திரும்ப எடுக்க வேண்டுகிறேன். கிள்ளான் நண்பர் நேற்று எழுதியது இது:

> சாமி தெரிவதெல்லாம் மூளையில் நடப்பதுதான் என்று அறிவியல் காட்டிவிட்டது. இல்லாததைக் காண்பது மாயம்தானே? தயங்க என்ன இருக்கிறது?

தயக்கத்துக்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டினார். இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள், பாதி வெட்டிய மரத்தின் முன்னால் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். முதலில் சுருட்டு வாசனை வந்ததாம். பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறியதாம். அப்புறம் நிரையின் கோடியில் தோட்டத்துக் காவல் தெய்வம் முனியாண்டி, தோளில் அரிவாளோடு. அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அத்தை கண்ணில் யாரும் படவில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல், எதையோ மெல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டு அம்மா நின்றதைத்தான் அவர் பார்த்தார். பால் பிடிக்கும் மங்கு சரிந்து கிடக்க, பால் மரத்தடி மண்ணில் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

இப்படி நாலைந்து முறை ஆனபிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சோதித்துப் பார்த்த டாக்டர், மூளையின் பொட்டுப் பக்கத்து மடலில் (காதுக்கு மேலே உள்ள ‘டெம்பொரல்’ பகுதியில்) எழும் வலிப்பு என்று கண்டுபிடித்தார். எனக்கு மலாயில் பொறுமையாக விளக்கினார். ‘ஹாலுசினாசி’ என்ற சொல் வந்தபோது அம்மாவிடம் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “அதெல்லாம் பிரமையாம்மா.”

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு “சரிப்பா” என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு சுருட்டு வாசனை வந்ததா, யாராவது தெரிந்தார்களா என்று எத்தனை முறை கேட்டாலும் “ஒண்ணுமில்ல” என்ற ஒரே பதில். ஒண்ணுமில்லை என்பதால் மாத்திரையின் அளவும் அப்படியே இருந்தது. எட்டு மாதம் கழித்து அடுப்படியில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டபோதுதான் தெரிந்தது, வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்திருக்கிறது. “என் மகன் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறான்” என்று அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் எடுத்த சொல் சொன்னது. ‘மாயக்காட்சி’ என்று அச்சடித்தால் இதே வேலையைக் கையேடு ஆயிரம் வீடுகளில் செய்யும்.

இனி, அறிவியல் காட்டிவிட்டது என்ற பேச்சு. அம்மாவின் வாசனையையும் அடிவயிற்று ஏற்றத்தையும் வாய் அசைவையும் மூளை மருத்துவம் நன்றாகவே விளக்குகிறது. அந்த வகை வலிப்பின் அடையாளங்கள் அவை. அளவு கூட்டிய மாத்திரையில் அவை நின்றன. ஜெனீவாவில், அறுவைக்கு முன் ஒரு வலிப்பு நோயாளியின் இடப்பக்க மூளையில், பொட்டு மடலும் உச்சி மடலும் சேரும் இடத்தில் மின்சாரம் செலுத்தியபோது, தனக்குப் பின்னால் நிழல்போல ஒருவர் இருப்பதாக அந்தப் பெண் உணர்ந்தார். அவர் உட்கார்ந்தால் அந்த நிழலும் உட்கார்ந்தது. மூளை ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் இதை 2006இல் வெளியிட்டார்கள். யாரோ கூட இருக்கிறார்கள் என்ற உணர்வை மூளையே எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

ஆனால் எல்லாச் சோதனையும் இந்த உறுதியோடு நிற்கவில்லை. கனடாவின் சட்பரியில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற ஆய்வாளர் மெல்லிய காந்தப்புலம் தரும் தலைக்கவசத்தை மாட்டியபோது பலர் பக்கத்தில் யாரோ இருப்பதாகச் சொன்னார்கள். ‘கடவுள் தலைக்கவசம்’ என்று உலகமெல்லாம் பேசினார்கள். ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், எப்போது காந்தம் ஓடுகிறது என்று மாட்டியவருக்கும் மாட்டிக்கொண்டவருக்கும் தெரியாதபடி சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். காந்தம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. சொன்னதை எளிதில் ஏற்றுக்கொள்ளும் மனம் உள்ளவர்களுக்குத்தான் அனுபவம் வந்தது. மாண்ட்ரியலில் 15 கார்மலைட் (கத்தோலிக்கத் துறவு சபை) கன்னியாஸ்திரீகளை ஸ்கேன் செய்த 2006 ஆய்விலும் தனியாக ஒரு கடவுள் மையம் அகப்படவில்லை. மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. அதுவும், முன்பு பெற்ற இறையனுபவத்தை மனத்தில் திரும்ப எழுப்பும்படி கேட்டு எடுத்த படங்கள். இதை எழுதும்போது என் சன்னலுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போகிறது. இப்போது ஸ்கேன் எடுத்தால் என் மூளையும் ஒளிரும். அதனால் லாரி இல்லை என்று ஆகிவிடாது.

முனியாண்டி ஏன் வந்தார் என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க மானிடவியலாளர் டான்யா லூர்மனும் கூட்டாளிகளும் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மட்டேயோ என மூன்று ஊர்களில், குரல் கேட்கும் மனநோயாளிகள் இருபது இருபது பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் கொடூரமான அந்நியக் குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது அம்மா, அத்தை போன்ற சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய் என்று ஏவும் குரல். நோய் ஒன்றாக இருந்தும் வந்து பேசுகிற ஆள் ஊருக்கு ஊர் வேறு. அந்த ஆளை வலிப்பு மட்டும் கொண்டுவரவில்லை. தோட்டத்து எல்லையில் சுருட்டு படைத்துக் கும்பிட்ட முப்பது வருடமும் சேர்ந்து கொண்டுவந்தது.

ஈப்போ அம்மையார் சங்கச் சொல்லான ‘வெறி’யை எடுக்கலாம் என்றார். ஆசைதான். நோய் தீர்க்க முருகன் பூசாரி வேலன் சாமி வந்து ஆடிய வெறியாட்டிலும் இதே வழக்குதான் நடந்தது. நற்றிணை 34இல் தோழி முருகனையே பார்த்து, நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன் என்கிறாள். தலைவியின் நோய் தலைவனால் வந்தது என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டதற்காக முருகன் வந்து நிற்கிறானே என்ற ஆற்றாமை அது. நோயின் காரணம் வேறு என்று சொல்ல அவளுக்கு முருகன் இல்லை என்று சொல்லத் தேவைப்படவில்லை. ஆனால் இன்று ‘வெறி’ என்றால் நாய்தான் நினைவுக்கு வருகிறது. அம்மாவிடம் அதையும் சொல்ல முடியாது.

அருள், மருள் என்று ஓரெழுத்து மாறிய இரண்டு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘அருட்காட்சி’ என்றால் பூசாரியின் தீர்ப்பு. ‘மருட்காட்சி’ என்றால் மருத்துவரின் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னால், நடந்ததைச் சொல்ல மட்டும் ஒரு சொல் வேண்டும். அம்மாவும் அத்தையும் டாக்டரும் பூசாரியும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்று: ஒருவருக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. ஆகவே ‘தனிக்காட்சி’. குரல் என்றால் ‘தனிக்குரல்’, வாசனை என்றால் ‘தனிவாசம்’. சினிமாவில் தனிக்காட்சி உண்டே என்பார்கள். இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும்.

‘நியூரோதியாலஜி’க்கு வந்த ‘நரம்பிறையியல்’ எனக்கு ஒப்பவில்லை. மூளையின் வழியாக அந்தத் துறை ஆராய்வது மனிதரின் இறையுணர்வை, இறைவனை அல்ல. ‘இறையுணர்வு நரம்பியல்’ போதும்.

கையேட்டுக்கு நான் எழுதிய வாக்கியம்:

> மற்றவர்களுக்குத் தெரியாத காட்சியோ குரலோ வாசனையோ உங்களுக்கு வந்தால், அது தனிக்காட்சி, தனிக்குரல் அல்லது தனிவாசம். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதை எங்கள் காளியம்மன் கோயில் பூசாரியிடமும், எங்கள் தெருவில் இருக்கும் தாதியிடமும் படித்துக்காட்டப் போகிறேன். இருவரும் எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பட்டியலைப் பூட்ட வேண்டாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து